தலைமாட்டிலிருந்து தெரிந்த முகம்

அந்தச் சருமப் பராமரிப்பு நிலையத்தின் முதலாளியம்மாவுக்கு மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு யோசனை உதித்துவிடும். உதித்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் போச்சு. இந்தத் தடவை உதித்தது வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை. அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களின் படமும், படத்துக்குக் கீழே நான்கு வரியும் வர வேண்டும். தலைப்பு, 'இந்தத் தொழிலை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்?'

ஐந்து பேர் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி, சிறு வயது முதலே அழகுக் கலையில் தீராத ஆர்வம் என்று எழுதினாள். வீட்டிலிருந்து நடந்து வரும் தூரம் என்பதற்காகச் சேர்ந்தவள் அவள். இன்னொருத்தி, பெண்களின் தன்னம்பிக்கையை வளர்ப்பதே என் லட்சியம் என்றாள். பாவம், முதலாளியம்மாவிடம் அரை நாள் லீவு கேட்கக்கூட அவளுக்குத் தன்னம்பிக்கை கிடையாது. பஞ்சு மட்டும் இன்னும் எழுதவில்லை.

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. உடன் வேலை செய்பவர்கள் அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தது. பதினாறு வருஷமாக அந்தப் பெயரில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் புருஷன் கூப்பிடுவதும் அப்படித்தான் ஆகிவிட்டது. பலகைக்கு உண்மையை எழுதுவதென்றால் இரண்டே வரிதான். 'அனுபவம் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வந்து பார்த்தேன், ஏசி இருந்தது.' இதைக் கொண்டுபோய் நீட்டினால் முதலாளியம்மா தாம்தூமென்று குதிப்பாள்.

ஆனால் சேர்ந்த காரணம் ஒன்று, தங்கிய காரணம் வேறு. பஞ்சு வளர்ந்தது ஒருவரையொருவர் தொடாத வீட்டில். அப்பாவும் அம்மாவும் கெட்டவர்கள் இல்லை. ஓடாய்த் தேய்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆனால் பாசம் வந்தால் திட்டுவார்கள், ரொம்பப் பாசம் வந்தால் ரொம்பத் திட்டுவார்கள். பத்து வயசுக்குப் பிறகு தலையில் ஒரு கை வைத்துத் தடவினார்கள் என்று பஞ்சுவுக்கு ஞாபகமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு பேங்க் அதிகாரியம்மா வந்து படுத்தார். கடுகடுவென்று இருந்தார். பஞ்சு பயந்துகொண்டே நெற்றியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று அந்த நெற்றி விரலுக்கடியில் இறங்கியது. வேறெப்படிச் சொல்வது? சுமை தூக்குகிறவர் சுமையைத் தரையில் வைப்பாரே, அப்படி. அடுத்த நிமிஷம் அந்தம்மா குறட்டை விட்டார். பஞ்சு அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். வேலை அன்றைக்குத்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ முகம். பருவை நசுக்கி நசுக்கிப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பெண்கள், வெயிலில் வெந்த ஆண்கள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து ஏழு வருஷ அசட்டையை ஒரு மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்கிறவர்கள். எல்லாரிடமும் பஞ்சு காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்காகத்தான். நெற்றி இறங்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கூலி. ஒரு நாளும் அது கிடைக்காமல் போனதில்லை என்பது அவளுடைய உள்ளூரப் பெருமை.

இங்கே அந்த இடத்தின் நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது யாருக்கும் விளங்காது. வருகிறவர்களை வரவேற்பில் இருக்கும் பெண்தான் உள்ளே அழைத்துப்போவாள். அவளே மாற்றுடை கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, முடியைத் துணிப்பட்டையால் இழுத்துக் கட்டி, இரண்டு கண்ணிலும் ஈரப் பஞ்சை வைத்து, விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே வருவாள். அதற்கு அப்புறம்தான் பஞ்சு பின்கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைந்து, தலைமாட்டில் சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். முடிந்ததும், பத்து நிமிஷம் அப்படியே படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட வேண்டும். அப்போதுதான் வாடிக்கையாளருக்கு ஒரு மாயம் நடந்த மாதிரி இருக்குமாம். முதலாளியம்மாவுக்குப் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் உதித்த யோசனை இது.

ஆக, பஞ்சு பார்ப்பதெல்லாம் தலைகீழ் முகம். நெற்றி முதலில், தாடை கடைசியில், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பஞ்சு வில்லை. எந்தக் கன்னத்தில் எத்தனை மச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அதே ஆள் தெருவில் எதிரே வந்தால் யாரோ எவரோ. ஒரு தடவை காய்கறிக் கடையில் இவள் விலை கேட்ட குரலைக் கேட்டு ஒரு அம்மா திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பஞ்சு திருதிருவென்று விழித்தாள். அந்தம்மா கீழே உருண்ட வெங்காயத்தை எடுக்கக் குனிந்தபோதுதான், மேலிருந்து நெற்றியைப் பார்த்து, அட, வியாழக்கிழமை பதினோரு மணி என்று கண்டுபிடித்தாள். வீட்டில் வந்து சொன்னபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். பெண் பார்க்க வந்தபோது நான் தலைகீழாக நின்றிருந்தால் நீ அப்போதே சுதாரித்திருப்பாய் என்றான். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மாதத்தின் முதல் புதன், மாலை நாலு மணி, டிரைவரக்காவுக்கு. ஏழு வருஷமாக. டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஜன்னல் பக்கத்துக் கன்னம் ஒரு பிடி கறுத்து, மற்றது வெளுத்து, ஒரே முகத்தில் இரண்டு ஊர் வெயில். புருவத்துக்கு நடுவே இரண்டு கோடு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு சின்னத் தழும்பு. முதல் நாளே பஞ்சு கறுத்த கன்னத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று அடுக்கத் தொடங்கியபோது, அக்கா தடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் விடும்மா. கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது. காலையிலேருந்து கண்ணைச் சிமிட்டாம ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். பின்னாடி அறுபது உசுரு. மாசத்துல ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்க எனக்கு ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்."

கண்ணை மூடிக்கொண்டவர்கள் பேசுவார்கள். அதிலும் அக்காவுக்கு நிறுத்தமே கிடையாது. பிள்ளை இல்லாதது, அதற்காக மாமியார் பேசிய பேச்சு, லிஃப்ட் ரிப்பேர் செய்யும் புருஷனின் வாயில்லாத்தனம், பஸ்ஸில் ஏறிச் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள் எல்லாம் அந்த இருட்டறையில் வந்து போனார்கள். பஞ்சுவும் சும்மா இருக்கவில்லை. அம்மா இறந்தபோது அழுகை வராமல் போனதை அவள் சொன்ன ஒரே ஆள் அக்காதான். கூடப் பிறந்தவர்கள்கூட அத்தனை ஒட்டுதலாக இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏழு வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அப்படி ஒரு குறை இருப்பதாகவே இருவருக்கும் தோன்றியதில்லை. ஒரு நாள் என் பஸ்ஸில் ஏறு, இரண்டு தடவை ஹாரன் அடித்துக் காட்டுகிறேன் என்பாள் அக்கா. என்னை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பஞ்சு கேட்டால், வாயைத் திறந்து டிக்கெட் கேட்பாய் இல்லையா, அது போதும் என்பாள்.

கடைசியாக வந்த புதன்கிழமை அக்காவின் குரல் கரகரவென்று இருந்தது. இரண்டு மாதமாகவே இப்படித்தான், கத்திக் கத்தித் தொண்டை போச்சு என்றாள். பஞ்சு வெந்நீர் குடிக்கச் சொன்னாள். அந்த வெந்நீரை நினைத்துத்தான் பிறகு எத்தனையோ ராத்திரி அவள் தன்னையே வைதுகொண்டாள். அன்றைக்குப் பேச்சு பலகையைப் பற்றிப் போயிற்று. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்று பஞ்சு புலம்பினாள்.

"நீ ஏன் வந்தேன்னு யாருக்குடி வேணும்?" என்றாள் அக்கா, கண் மூடியபடியே. "நான் ஏன் வரேன்னு எழுது. அதைப் படிச்சுட்டு நாலு பேர் வருவாங்க."

அதற்கு அடுத்த மாதம் நாலு மணிக்கு அக்கா வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வரவேற்புப் பெண் ஃபோன் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது மாதம் முதலாளியம்மா அந்த நாலு மணியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள். பஞ்சுவுக்குக் கோபம்தான் வந்தது. வேறு இடம் பார்த்துக்கொண்டாளாக்கும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துபோகும் என்று மனசுக்குள் கறுவினாள். அன்பாக இருக்கிறவர்கள் காணாமல் போனால் முதலில் கவலைதானே வர வேண்டும்? சிலருக்குக் கோபம் வருகிறது. திட்டித் திட்டி வளர்ந்த வீட்டுப் பழக்கம், வேறென்ன.

நிலையம் இருந்த தெரு முழுக்கக் கடைகள். அங்கே சென்ட் விற்கும் பெண்களின் தொல்லை தாங்காது. போகிறவர் வருகிறவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கேட்காமலே எதையாவது பூசிவிடுவார்கள். பஞ்சுவுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. கைதான் அவளுக்குப் பிழைப்பு. நாளெல்லாம் கழுவிக் கழுவி, முகத்துக்குப் போடும் அமிலக் கரைசல் பட்டுப் பட்டு, விரல் இடுக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். அதில் சென்ட் பட்டால் உயிர் போகும்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து, புருஷனோடு ஃபோனில் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்கு நாலு நிமிஷம்தான் இருந்தது. வாசல் பக்கத்தில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பஞ்சுவின் குரல் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து, சிரித்து, வேகமாக இரண்டு எட்டு வைத்து வந்து அவள் கையைப் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்த கையைத் தன் முகத்துப் பக்கமாகக் கொண்டுபோனாள்.

இப்போதே சொல்லிவிடலாம், மறைத்து வைத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அது டிரைவரக்காதான். தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். குரலை வைத்து அவள் பஞ்சுவைக் கண்டுபிடித்துவிட்டாள். பஞ்சு கண்டுபிடிக்க அக்காவிடம் குரல் இல்லை, முகமும் நேராக இருந்தது.

பஞ்சு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்மா, வேண்டாம்" என்றாள். இழுத்த கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்தாள். பிறகு, ஃபோனில் புருஷனிடம் யாரோ சென்ட் விற்கிறவள் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது. உட்கார இடமும் கிடைத்தது. வீட்டுக்குப் போவதற்குள் மறந்தும் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வரவேற்பில் ஒரு ஆள் வந்து நின்றார். நீல நிறச் சீருடை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பஞ்சு என்கிறவர்கள் யார் என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறவளின் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார். ஆபரேஷன், அதற்குப் பிறகு வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு முதல் புதன். அவள் எழுதிக் காட்டுகிறாள், நாலு மணி, நாலு மணி என்று. முதலில் மாத்திரை நேரம் என்று நினைத்தாராம், பிறகுதான் பஞ்சு என்ற பெயரையும் இந்த இடத்தையும் எழுதினாளாம்.

மூன்று மாதம் மனசுக்குள் வைது தீர்த்ததெல்லாம் பஞ்சுவுக்கு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. முதலாளியம்மாவிடம் கேட்டதற்கு, வீட்டுக்குப் போய்ச் செய்யும் வழக்கமே நமக்கு இல்லை, நோயாளியைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றாள். பஞ்சு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறிப் போனாள். சின்ன அறை, ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்து மேஜையில் மாத்திரைப் பட்டைகள், சளி உறிஞ்சும் சின்ன மெஷின், ஒரு பெட்டி நிறையக் கையுறை. கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்த பெண்ணைப் பார்த்துப் பஞ்சு கும்பிட்டாள். யாரையோ பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. கண்ணைத் திறந்த அக்காவை அவள் எப்போது பார்த்திருக்கிறாள்? நோய் ஆளை உருமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பையைத் திறந்தாள். வாசனை இல்லாத எண்ணெய், மெல்லிய துணி, பஞ்சு வில்லை. ஆவி பிடிப்பது கூடாது, தேய்த்துக் கழுவுவது கூடாது, கழுத்துப் பக்கமே போகக் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். தொண்டையில் போட்டிருந்த துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கைகழுவிவிட்டு, ஸ்டூலைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள். அந்தக் கண்கள் மூடிக்கொண்டதும் நெற்றி மேல் குனிந்தாள்.

இருந்தாள் அக்கா. அங்கே, அந்தக் கோணத்தில், அப்படியே இருந்தாள். நீளக் கோடு, குட்டைக் கோடு, புருவத் தழும்பு, பஸ்ஸை விட்டு இறங்கி மாதங்கள் ஆகியும் வெளுக்காத ஜன்னல் பக்கத்துக் கன்னம். பஞ்சு அந்தக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். அதே துணி. சுவரைப் பிடித்து நின்ற உருவம், வேகமாக வைத்த இரண்டு எட்டு, பிடித்த கை, தான் தன் கையைப் புடவையில் துடைத்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவள் தலையில் இறங்கியது. விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

பஞ்சு விரலை வைத்தாள். பதினாறு வருஷமாக வைத்த இடத்தில், புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி, பிறகு பொட்டுப் பக்கம், பிறகு காதோரம். தோல் காகிதம் மாதிரி இருந்தது. அழுத்தத்தைக் குறைத்தாள், வேகத்தைக் குறைத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. நெற்றி இறங்கவில்லை. கோடு இரண்டும் கெட்டியாக நின்றன. அவள் கை பட்டால் இறங்காத நெற்றி இல்லை என்ற அந்தப் பெருமை அங்கே செத்துப்போயிற்று. எப்படி இறங்கும்? இந்தக் கை எப்போது மறுபடி இழுத்துக்கொள்ளுமோ என்று அந்த நெற்றிக்குத் தெரியாதா?

"அக்கா" என்றாள் பஞ்சு. "அன்னைக்கு வாசல்ல நின்னது நீங்கதானே. எனக்குத் தெரியலைக்கா. சத்தியமாத் தெரியலை."

அக்கா கண்ணைத் திறக்காமலே மார்பின் மேல் கிடந்த சின்ன வெள்ளைப் பலகையைத் தடவி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேனாவால் கோணல்மாணலாக எழுதித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். 'தெரியும். அவசரத்துல இருந்த.'

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பஞ்சு தாங்கியிருப்பாள். பலகை கீழே போயிற்று, அழிந்தது, மறுபடி ஏதோ எழுதப்பட்டது. இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று.

'எல்லாரும் கையுறை போட்டுத்தான் தொடறாங்க. கையுறை இல்லாத கை ஒண்ணு வேணும்னு வந்தேன்.'

பஞ்சு அதை இரண்டு தடவை படித்தாள். வாசலில் ஏதோ அசைந்தது. அக்காவின் புருஷன் நின்றிருந்தார். எழுதியது அங்கிருந்தும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைகளிலும் கையுறை இருந்தது, மெஷினைக் கழுவிவிட்டு வந்திருந்தார். கிருமி தொற்றிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். என் கை சொரசொரப்பு, அவளுக்கு வலிக்கும் என்றார். நாலு மாதமாக, தொட்டால் உடைந்துவிடுவாளோ என்று பயம் என்றார். இத்தனையும் பஞ்சுவிடம் சொல்வதாகத்தான் சொன்னார், ஆனால் பார்வை பலகை மேலேயே இருந்தது.

"கையுறையைக் கழட்டுங்க" என்றாள் பஞ்சு. "சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க. நகத்துல இருக்கறது போகணும். கழுத்துப் பக்கம் போகாதீங்க, அவ்வளவுதான்."

அவர் கழுவிவிட்டு வந்தார். பஞ்சு எழுந்து ஸ்டூலை விட்டுக் கொடுத்தாள். தலைமாட்டு இடத்தை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. எண்ணெய் மூன்று சொட்டு அவர் உள்ளங்கையில் விட்டு, தேய்த்துச் சூடாக்கச் சொன்னாள். இரண்டு கட்டைவிரலையும் எங்கே வைப்பது என்று காட்டினாள். லிஃப்டின் கம்பிக் கயிறைப் பிடித்து இழுத்த கை, நெற்றி மேல் வந்ததும் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. திசையெல்லாம் தப்பு. மேலே போக வேண்டியது கீழே போயிற்று. பஞ்சு திருத்தப் போனவள், வாயை மூடிக்கொண்டாள்.

ஏனென்றால் குட்டைக் கோடு முதலில் மறைந்தது. பிறகு நீளக் கோடு. அக்காவின் நெற்றி, அந்த முரட்டுக் கட்டைவிரல்களுக்கு அடியில், மெல்ல, முழுசாக இறங்கியது. மூடிய கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டுக் காதுக்குள் போயிற்று. அவர் பயந்துபோய்க் கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க வேண்டாம் என்று பஞ்சு தலையை ஆட்டினாள்.

கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள். அம்மா செத்ததற்கு வராத அழுகையும் அதில் சேர்ந்து வந்தது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது, அக்கா தூங்கிவிட்டிருந்தாள். அவள் புருஷன் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பஞ்சு சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டாள். வழக்கம் போலச் சத்தமில்லாமல் போய்விடத் தெரியும் அவளுக்கு, அதுதானே பதினாறு வருஷப் பழக்கம். போகவில்லை. கட்டிலைச் சுற்றிக் கால்மாட்டுக்கு வந்து நின்று, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். யாரோ போலத்தான் இருந்தது. நெற்றி மேலே, தாடை கீழே, எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. தெருவில் பார்த்தால் இப்போதும் தெரியாது என்று தோன்றியது. அந்த நினைப்பு அவளைச் சுட்டது. இன்னும் எத்தனை நாள் இந்த முகம் இருக்கும்? பையைத் தரையில் வைத்தாள். தழும்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, நேராகப் பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டாள். ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை நின்றாள். கீழே தெருவில் ஏதோ ஒரு பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை அக்கா போய்விட்டாள். வீட்டில் கூடியிருந்த கூட்டத்தில் பஞ்சு யாரையும் தள்ளிக்கொண்டு தலைமாட்டுக்குப் போகவில்லை. வாசலிலிருந்தே, நேராக, அவளுக்கு முகம் தெரிந்தது.